மகராசன் ஐந்துக்கு வர வேண்டும்

"தள்ளுங்க! தள்ளுங்க! உயிர் போற விஷயம்!"

தலைமை எழுத்தர் அக்கா கத்திக்கொண்டே முன்னால் ஓடினார். பின்னால், கோப்புகள் வைக்கும் மரத்தட்டின் இரு முனைகளையும் பிடித்தபடி நானும் முத்திரை ஆய்வாளரும். தட்டின் மேல், பின்னங்கால் ஒன்று போகக்கூடாத திசையில் போயிருக்க, கண்களை மூடிக் கிடந்தார் மகராசன். எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தார் எங்கள் அலுவலகத் தலைவர், கட்டுப்பாட்டாளர்.

மனிதகுலத்தின் நிர்வாக வரலாற்றில், ஒரு பூனைக்காக ஓர் அலுவலகமே ஓடியது இதுதான் முதல் தடவை என்று அடித்துச் சொல்வேன். அரசு ஊழியர்கள் ஓடமாட்டார்கள் என்று பேசுகிறவர்கள் அன்று எங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

வாசலை நெருங்கிவிட்டோம்.

"நில்லுங்க!" என்றார் கட்டுப்பாட்டாளர். "வெளியே போற பதிவேட்டுல கையெழுத்துப் போட்டாச்சா?"

நின்றோம். திரும்பினோம். வரிசையாகப் போட்டோம். 'செல்லும் இடம்' என்ற கட்டத்தில் 'கால்நடை மருத்துவமனை' என்று எழுதினேன். 'காரணம்' என்ற கட்டம் சிறியது. 'கால்' என்று எழுதத்தான் இடமிருந்தது.

"சார், கையெழுத்தை அப்புறம் போட்டுக்கலாம் சார். பயலுக்கு மூச்சு வாங்குது சார்!" வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கதறினார் காவலாளி அண்ணன். நடைமுறை தெரியாதவர்.

இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஐந்து மாதம் பின்னால் போக வேண்டும்.

எங்களுடையது எடையளவுத் துறையின் வட்டார அலுவலகம். ஊரில் எந்தக் கடையில் எந்தத் தராசு எதை நிறுத்தாலும், அதன் மேல் எங்கள் முத்திரை இருந்தாக வேண்டும். அலுவலகத்தின் பின்பக்கக் கொட்டகையில் பறிமுதல் செய்த தராசுகள் குவிந்து கிடக்கும். மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் குவியலில், ஒரு தராசுத் தட்டின் மேல், உள்ளங்கை அளவில் ஒரு பூனைக்குட்டி சுருண்டிருந்தது. வெள்ளை உடம்பு, கறுப்புத் திட்டு, ஆரஞ்சுத் திட்டு. காவலாளி அண்ணன் அதை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்து வளர்த்தார். மூன்று நிறப் பூனை என்றால் பெட்டைதான் என்பது அவர் கேள்விப்பட்டது. ஆகவே 'மகராசி' என்று பெயர் வைத்தார். அது பகலெல்லாம் அவர் நாற்காலிக்கு அடியில் தூங்கும். நாங்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதுவும் எங்களை மதித்ததில்லை.

அந்த மாதம் மூன்றாம் தேதி பிற்பகல், கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா ஒரு தராசோடு வந்தார். விலங்குகளை நிறுக்கும் தராசு. வருடாந்திர முத்திரைக்காகக் கொண்டுவந்திருந்தார். படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இது யாரு?"

"மகராசிங்க," என்றார் காவலாளி அண்ணன். "மூணு வயசாகுது. இன்னும் ஒரு குட்டி போடலைங்க."

டாக்டரம்மா வாலைத் தூக்கினார். மறுபடி தூக்கினார்.

"போடாதுங்க. இது கடுவன்."

அலுவலகம் எழுந்து நின்றது. சத்தம் கேட்டுக் கட்டுப்பாட்டாளரே அறையைவிட்டு வெளியே வந்தார். டாக்டரம்மா விளக்கினார்.

"கறுப்பும் ஆரஞ்சும் ஒரே உடம்புல வரணும்னா ரெண்டு எக்ஸ் குரோமோசோம் வேணும் சார். பெட்டைக்குத்தான் அது ரெண்டு இருக்கும். ஆணுக்கு எக்ஸ் ஒண்ணு, ஒய் ஒண்ணு. இவனுக்கு எக்ஸ் ஒண்ணு கூடுதலா வந்திருக்கும்போல. மூணு நிறப் பூனை மூவாயிரம் பிறந்தா, அதுல ஒண்ணுதான் இப்படி இருக்கும்."

கட்டுப்பாட்டாளருக்குக் கண் கலங்கியது. நான்கு வருடமாகப் பக்கத்து வட்டாரத்தையும் சேர்த்துப் பார்ப்பவர் அவர்.

"அதாவது, ரெண்டு பேர் வேலையை ஒருத்தரே பார்க்கறாரு. கூடுதல் பொறுப்பு!"

"அப்படியும் சொல்லலாம்... ஆனா இவனால குட்டி பிறக்க வாய்ப்பு இல்லைன்னே வெச்சுக்கலாம்."

"நல்லதுதான். நாளைக்கு வாரிசு வேலை கேட்டு யாரும் வந்து நிக்க மாட்டாங்க."

"சார், இது பெருமைப்படற விஷயம் இல்ல. இந்த மாதிரி ஆண் பூனைங்களுக்கு எலும்பு பலமில்லாம இருக்கலாம். மூட்டு வலி வரலாம். சிறுநீர்ல தொல்லை வரலாம். சர்க்கரை வரலாம்."

"சர்க்கரை நாங்க போடறதே இல்லையே டாக்டர். வெறும் பால்தான்."

"எல்லாத்துக்கும் மேல, கொழுப்பு சீக்கிரம் ஏறிடும்."

"சேச்சே! ரொம்ப அடக்கமானவர். இதுவரைக்கும் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல."

சொல்லிவிட்டுக் கட்டுப்பாட்டாளர் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேச ஓடினார். மூவாயிரத்தில் ஒன்று தன் வட்டாரத்தில் இருப்பதை மேலிடம் உடனே அறிய வேண்டாமா? தலைமை எழுத்தர் அக்கா தன் தங்கைக்குச் சொல்லப் போனார். முத்திரை ஆய்வாளர் படமெடுக்கத் தன் கைப்பேசியைத் தேடிப் போனார். இந்த இடைவெளியில் டாக்டரம்மா பூனையைத் தன் தராசில் வைத்துப் பார்த்து, ஒரு சீட்டு எழுதி முகப்பில் கொடுத்தார்.

"எல்லாம் இதுல எழுதியிருக்கேன். படிச்சுப் பார்த்து, அப்படியே செய்யுங்க. விளையாட்டா எடுத்துக்காதீங்க, இவன் கால் எலும்பை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

சீட்டு பெறப்பட்டது. மருத்துவர் கையெழுத்தில் உள்ளது கோப்பில் சேராது என்பதால், நடைமுறைப்படி சுத்த நகல் எடுக்கப்பட்டது. அன்றே எடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். எங்கள் வேகம் அப்படி.

மறுநாள் காலை 'அரிய வகை ஆண் பூனை நலப் பாதுகாப்புக் குழு' உதயமானது. கட்டுப்பாட்டாளர் தலைவர். அக்காவும் ஆய்வாளரும் உறுப்பினர்கள். அடியேன் செயலாளர். காவலாளி அண்ணனைச் சேர்க்கலாமா என்று பேச்சு எழுந்தது. குழுவில் உட்காரும் தகுதி அவர் பதவிக்கு இல்லை என்பதால் கதவருகே நிற்கும் தகுதி வழங்கப்பட்டது.

முதல் தீர்மானம், பெயர் மாற்றம். மகராசி இனி மகராசன். இரண்டாவது, பூனையை 'அது' என்று யாரும் சொல்லக்கூடாது, 'அவர்' என்றே சொல்ல வேண்டும். மூன்றாவதாக, டாக்டரம்மாவின் ஆலோசனை கோப்பிலிருந்து உரக்க வாசிக்கப்பட்டது.

"'உணவில் கவனம் தேவை. 7-லிருந்து 5-க்கு வர வேண்டும். ஆறு மாதம். மிக அவசியம்.'"

"ஏழுன்னா?" என்றார் ஆய்வாளர்.

"இன்னிக்குத் தேதி நாலு," என்றார் அக்கா, யோசித்து. "அப்போ வர்ற ஏழாந்தேதியிலிருந்துன்னு அர்த்தம்."

"அஞ்சுன்னா?"

எல்லோர் கண்ணும் ஒரே நேரத்தில் சுவர்க்கடிகாரத்துக்குப் போய்த் திரும்பின. எங்கள் அலுவலகத்தில் ஐந்து என்ற எண்ணுக்கு ஒரே பொருள்தான். காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து நாங்கள் வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பது அதற்குத்தான்.

"அஞ்சு மணிக்கு வரணும்," என்றார் கட்டுப்பாட்டாளர். "தினமும். ஆறு மாசம். நடைப் பயிற்சி மாதிரி ஏதோ வைத்தியம்."

கதவருகே தொண்டை கனைக்கும் சத்தம்.

"சார், அது எடைங்க. ஏழு கிலோ இருக்கான், மெதுமெதுவா அஞ்சு கிலோவுக்குக் கொண்டு வரணும்னு அந்தம்மா சொன்னாங்க. நான்தான் சார் பயலைப் பிடிச்சுத் தராசுல வெச்சேன்."

"எந்தத் தராசுல?" என்றார் ஆய்வாளர்.

"அந்தம்மா கொண்டுவந்த தராசுல."

"அப்போ அதுக்கு முத்திரை வெச்சிருந்ததா?"

"அதுக்குத்தானே சார் கொண்டுவந்தாங்க."

ஆய்வாளர் வெற்றியோடு கட்டுப்பாட்டாளரைப் பார்த்தார். கட்டுப்பாட்டாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்புகளை அவர் கண்ணாடி இல்லாமல்தான் சொல்வார்.

"முத்திரை புதுப்பிக்காத தராசு காட்டுற ஏழு, சட்டப்படி ஏழே இல்ல. அதனால இந்த ஏழு எடையா இருக்க வாய்ப்பே இல்ல."

மேசை தட்டப்பட்டது.

"அப்போ நம்ம தராசுல நிறுத்துப் பார்த்துடலாமே சார்? உள்ளே பதினாலு இருக்குதே."

"யோவ், அது நிறுக்கறதுக்கு இல்லய்யா. மத்தத் தராசெல்லாம் சரியா நிறுக்குதான்னு பார்க்கறதுக்கு," என்றார் கட்டுப்பாட்டாளர்.

"கையில தூக்கினாலே தெரியுது சார், பய கனம்..."

"உங்க கையை எப்போ ஆய்வுக்குக் கொண்டுவந்தீங்க?" என்றார் ஆய்வாளர்.

காவலாளி அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். முத்திரை இல்லை.

அடுத்த சிக்கல். பூனை ஐந்து மணிக்கு எப்படி வரும்? கூப்பிட்டால் வருகிற பிறவி அல்லவே. "மீன் டப்பாவைக் கரண்டியால தட்டினா எங்க இருந்தாலும் வந்துடும்... வந்துடுவார்," என்றார் அக்கா. வந்தவரைச் சும்மா அனுப்பலாமா? சீட்டிலேயே இருக்கிறதே, 'உணவில் கவனம் தேவை' என்று. வீட்டுக்கு வந்தவர்களைக் கவனி என்றால் என்ன அர்த்தம்? நன்றாகக் கவனிப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஏழாம் தேதி தொடங்கியது 'ஐந்து மணி வருகை'. மணி ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா டப்பாவைத் தட்டுவார். மகராசன் வருவார். முன்னங்காலை மைத்தட்டில் ஒற்றிப் பதிவேட்டில் பதிய வைப்போம். பிறகு கவனிப்பு. திங்கள் அக்கா, அவித்த முட்டை. செவ்வாய் ஆய்வாளர், மீன் டப்பா. புதன் நான், வெண்ணெய். வியாழனும் வெள்ளியும் கட்டுப்பாட்டாளர் தாமே முன்வந்து ஏற்றுக்கொண்டார். கூடுதல் பொறுப்பு அவருக்குப் புதிதல்ல.

முதல் மாத முடிவில் மகராசனின் வருகை நூற்றுக்கு நூறு. இந்த அலுவலகத்தில் இதற்குமுன் நூற்றுக்கு நூறு வருகை வைத்திருந்தது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். அதுவும் இரண்டு தடவை நின்றிருக்கிறது. அறிக்கை மேலே போனது. 'இவ்வரிய முயற்சி பிற வட்டாரங்களுக்கும் முன்மாதிரி' என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் கீழே வந்தது. சட்டம் போட்டு மாட்டினோம்.

மூன்றாம் மாதம் மகராசனின் நடை மாறியது. ஒரு பெரிய மனிதருக்குரிய நிதானம் வந்திருந்தது. நான்கு எட்டு வைப்பார், உட்காருவார், யோசிப்பார்.

"யோசிக்கலைங்க," என்றார் காவலாளி அண்ணன். "கால் தாங்கலைங்க. முன்னெல்லாம் என் மேசை மேல தாவி ஏறுவான். இப்போ ஒரு படி ஏற மாட்டேங்கறான். தண்ணி தண்ணின்னு குடிக்கறான். அந்தம்மாகிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடறேன் சார்."

"ஆறு மாசம்னு எழுதியிருக்கு. நடுவுல போனா வைத்தியம் முறிஞ்சிடும். படி ஏறலைன்னா என்னய்யா? பெரிய பதவியில இருக்கறவங்க படி ஏறுவாங்களா? தூக்கி வைங்க," என்றார் கட்டுப்பாட்டாளர்.

அப்படித்தான் மகராசனுக்கு உயர் பதவி கிடைத்தது. நான்கடி இரும்பு அலமாரியின் உச்சியில் ஒரு மெத்தை. காலையில் இருவர் சேர்ந்து தூக்கி வைப்போம். மாலையில் இறக்குவோம். மேலிருந்து அவர் எங்களைப் பார்க்கும் பார்வையில் ஓர் இயக்குநரின் களை இருந்தது. காவலாளி அண்ணன் மட்டும் வேலை நேரத்தில் இரண்டு மூன்று தடவை வந்து அலமாரியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். "கீழ விட்டுடுங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்று கேட்டும் பார்த்தார். மூவாயிரத்தில் ஒருவரை ஒரு காவலாளியிடம் எப்படி விட முடியும்? மகராசன் இப்போது துறையின் சொத்து.

ஐந்தாம் மாதம் முடியும் அந்த நாள். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம். மகராசனை இறக்க வேண்டிய ஆய்வாளர் தொலைபேசியில் இருந்தார். அக்கா வழக்கம்போல் டப்பாவைத் தட்டினார்.

மகராசன் கடமை தவறாதவர். குதித்தார்.

நான்கடிதான். வேறு எந்தப் பூனையும் தூக்கக் கலக்கத்தில்கூடக் குதிக்கும் உயரம். காய்ந்த சுள்ளி ஒடிந்தது போல் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் எழுப்பிய குரலை வர்ணிக்க அலுவல் மொழியில் சொல் இல்லை. அக்கா கையிலிருந்த டப்பா உருண்டு மேசைக்கு அடியில் போனது. காவலாளி அண்ணன் எங்கிருந்து வந்தாரோ, தரையில் விழுந்து மகராசனின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "டேய்... டேய் ராசா... ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல."

பிறகு நாங்கள் ஓடியது உங்களுக்குத் தெரியும்.

டாக்டரம்மா முதலில் வலி குறைய ஊசி போட்டார். பிறகு தராசில் வைத்தார். இப்போது அந்தத் தராசில் எங்கள் முத்திரை பளபளத்தது. ஒன்பது கிலோ நானூறு கிராம். சட்டப்படியும் ஒன்பது கிலோ நானூறு கிராம்.

"யாரு இவனுக்கு இவ்வளவு சாப்பாடு போட்டது?"

"நாங்க போடலைங்க டாக்டர்," என்றார் கட்டுப்பாட்டாளர். "அவர் வந்தார். நாங்க கவனிச்சோம். நீங்க எழுதினபடிதான்."

கோப்பைத் திறந்து நீட்டினார். டாக்டரம்மா வாசித்தார். தலையைத் தூக்கி எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"இந்த ஏழு என்ன ஏழு?"

"ஏழாந்தேதி," என்றார் அக்கா.

"இந்த அஞ்சு?"

"மணி," என்றார் ஆய்வாளர். அவர் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"கிலோ!" என்றார் டாக்டரம்மா. "ஏழு கிலோவிலிருந்து அஞ்சு கிலோ! ஆறு மாசத்துல மெதுவா இறக்கச் சொன்னா, அஞ்சு மாசத்துல கிட்டத்தட்ட ரெண்டரைக் கிலோ ஏத்திக் கொண்டுவந்திருக்கீங்க. இந்தப் பூனைக்கு எலும்பு பலம் இருக்காதுன்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. நான் எழுதின சீட்டுல கிலோ இருந்தது. இதுல எங்க போச்சு? என் சீட்டு எங்க?"

அசல் சீட்டு கோப்பில் இல்லை.

கட்டுப்பாட்டாளரின் முகம் வெளிறியது. பூனைக்காக என்று நினைத்தேன். இல்லை. "கடைக்காரன் பொட்டலத்து மேல ஐந்நூறுன்னு மட்டும் போட்டு, கிராம்னு போடாம விட்டா நாம என்ன செய்வோம்?" என்று மெல்லக் கேட்டார்.

"வழக்குப் போடுவோம் சார்," என்றார் அக்கா. "அலகு இல்லாத எண் குற்றம்."

"இப்போ நம்ம கோப்புலயே அலகு இல்லாத எண் ரெண்டு உக்காந்திருக்கு."

டாக்டரம்மா இதில் எதையும் கேட்கவில்லை. காவலாளி அண்ணனிடம் மட்டும் பேசினார். "காலுக்குத் தகடு வெச்சிடலாம். ஒட்டிக்கும். ஆனா எடை இறங்கலைன்னா அடுத்த கால் போகும். சர்க்கரையும் எல்லையில நிக்குது. இவனை ஒருத்தர் கையில மட்டும் விடுங்க. ஒரே ஒருத்தர்."

"விட மாட்டேங்கறாங்களே அம்மா," என்றார் அவர். அன்று அவர் எங்களோடு திரும்பி வரவில்லை. கூண்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே விசாரணைக்கு உத்தரவாயிற்று. கிலோவை விட்டது யார்? எழுத்து வேலையில் நிதானமானவர், யார் பக்கமும் சாயாதவர் என்ற முறையில், விசாரணை அதிகாரியாக நான் நியமிக்கப்பட்டேன். இருபத்திரண்டு நாள் விசாரித்தேன். எல்லோரையும் தனித்தனியாக அழைத்து வாக்குமூலம் வாங்கினேன். அறிக்கை நாற்பது பக்கம் வந்தது. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு போட்டிருந்தேன்.

அதன் முடிவு இது: மேற்படி அலகு, யாருடைய தலையீடும் இன்றி, தானாகவே விடுபட்டிருக்கிறது. ஆயினும், ஏழு என்பது எடை என்று அறிந்திருந்த காவலாளி, அதை வாய்மொழியாகச் சொன்னாரேயன்றி எழுத்து மூலம் தெரிவிக்கத் தவறினார். ஆகவே அவருடைய பணிப் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று குறிக்கப்படுகிறது. தண்டனையாக, மேற்படி பூனையின் உணவு, எடை, மருத்துவம் ஆகிய முழுப் பொறுப்பும் இனி அவர் ஒருவரையே சேரும். இந்த அலுவலகத்துக்கும் பூனைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கட்டுப்பாட்டாளர் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆணையை நானே எடுத்துக்கொண்டு காவலாளி அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. மருத்துவமனையிலிருந்து நேரே இங்கே வந்துவிட்டிருந்த மகராசன், ஜன்னலோரம் பழைய போர்வையின் மேல் கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான். அண்ணன் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், பயலை எனக்கே குடுத்துட்டீங்களா?"

"இது தண்டனை, அண்ணே. பதிவேட்டுல கரும்புள்ளி வேற."

"அது கிடக்கட்டும் சார். காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், அந்தம்மா சொன்ன அளவுதான் போடறேன். கத்தினா மனசு கேக்கல. அப்போ வெளியே போய் நின்னுக்குவேன். நேத்து நிறுத்தோம், ஒன்பதுக்கு வந்துட்டான் சார்."

ஒன்பது என்ன என்று நான் கேட்கவில்லை.

"அந்தச் சீட்டை யார் தப்பா எழுதினதுன்னு தெரிஞ்சுதா சார்?"

"விசாரணையில தெரியல, அண்ணே."

"போகட்டும், யாரோ பாவம்." அவர் மகராசனின் காதைத் தடவினார். "நீங்களாவது நியாயமா எழுதிப் பயலை எனக்கு வாங்கிக் குடுத்தீங்க. நல்லா இருக்கணும் சார் நீங்க."

நாற்பது பக்கம், பன்னிரண்டு வாக்குமூலம், ஒரு பிழை இல்லை. இப்படியொரு பாரபட்சமற்ற விசாரணையை எங்கள் துறை இதுவரை கண்டதில்லை. ஒரே ஒரு தகவலுக்குத்தான் அறிக்கையில் இடமில்லாமல் போய்விட்டது. டாக்டரம்மாவின் அசல் சீட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் 'கிலோ' என்று குண்டு குண்டாக எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறார். சுத்த நகல் 'எடுக்கப்பட்டது' என்றேன் அல்லவா, எடுத்தவன் நான். அன்று அந்த வரிக்கு வந்தபோது மணி ஐந்தாக ஒரு நிமிடம்தான் இருந்தது.